அடிக்காமல் எட்டாம் வகுப்பை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேலே தெரிவது இது: அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியர், எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நீங்களே. 42 பேரில் ஆறு பையன்கள் பாடம் நடத்த விடுவதில்லை. புத்தி சொல்லிப் பார்த்தாயிற்று, கிளாஸ் லீடரை விட்டுப் போர்டில் பெயர் எழுத வைத்தாயிற்று, வெளியே நிற்க வைத்தாயிற்று, வீட்டிலிருந்து ஆள் அழைத்துவரச் சொல்லியாயிற்று. இனி அந்த ஆறு பேருக்கு மட்டும் சனிக்கிழமைதோறும் நல்லொழுக்க வகுப்பு வைத்து, ஒருநாள் காவல் நிலையத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டலாமா என்கிறீர்கள். பரிசு கொடுத்துப் பழக்கினால் லஞ்சம் ஆகாதா என்றும் கேட்கிறீர்கள். அடியில் கிடக்கும் கேள்வி வேறு. பிரம்பைக் கீழே வைத்த பிறகு வாத்தியார் கையில் என்னதான் மிச்சம் இருக்கிறது? அதற்கே பதில் எழுதுகிறேன். பிரம்பைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மனத்துன்பம் தருவதையும் தடுக்கிறது. அதனால் முட்டி போட வைப்பதும் வகுப்பு முன்னால் மானத்தை வாங்குவதும் கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் சனிக்கிழமைத் திட்டத்தையும் காவல் நிலையத்தையும் கைவிடுங்கள். பிள்ளைகள் நடத்தையைத் திருத்துவது பற்றி உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970களில் இதையேதான் செய்தார்கள். வழிதவறும் பையன்களை உள்ளே கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பார்த்தவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள், நாடு முழுக்கப் பரவியது. பிறகு குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட பையன்கள்தான் மிரட்டப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். இதைவிடச் சங்கடமான உதாரணம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஊர்களில் 1939இல் தொடங்கியது. 506 பையன்களை இரண்டிரண்டாக இணை சேர்த்து, ஒருவனுக்கு ஆலோசகர், டியூஷன், மருத்துவ உதவி, கோடை முகாம் என்று ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள்; மற்றவனை அப்படியே விட்டார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் தேடிப் போய்ப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் எந்த விதத்திலும் மேலாக இல்லை. சில விஷயங்களில் மோசமாக இருந்தார்கள். அதிலும் கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அனுப்பப்பட்டவர்கள் நிலைதான் கெட்டிருந்தது. காரணம் இதுதான் என்று முழுதாக நிரூபிக்க முடியாது. ஆனால் பதின்வயதுப் பையன்கள் பேசிக்கொள்வதை வீடியோ எடுத்து ஆராய்ந்தவர்கள் கண்டது பொருந்தி வருகிறது: ஒருவன் செய்த தப்பைச் சொல்கிறான், மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் சம்பளம். உங்கள் ஆறு பேரை ஒரே அறையில் உட்கார வைத்தால், மாதம் நான்கு சனிக்கிழமை அந்தச் சம்பளத்தை நீங்களே பட்டுவாடா செய்கிறீர்கள்.

அடுத்து, எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து வேலை நாள் வெறுமனே எழுதுங்கள். ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, நடந்ததற்குச் சற்று முன் என்ன, அவன் செய்தது என்ன, உடனே பின்னால் என்ன என்று குறியுங்கள். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் எழுத முடியாது. முதல் வாரம் இரண்டு பேர் போதும். 'அடங்காதவன்', 'திமிர்' போன்ற சொற்கள் உள்ளே வரக்கூடாது. ஒரு வரி எப்படி இருக்கும் என்றால்: 'மூன்றாம் பீரியட், 11.20. போர்டுப் பக்கம் திரும்பி இயற்கணிதக் கணக்கை எழுத ஆரம்பித்தேன் / ஜாமெட்ரி பாக்ஸால் பெஞ்சைத் தட்டினான் / பக்கத்தில் மூன்று பேர் சிரித்தார்கள், நான் திரும்பித் திட்டினேன், இரண்டு நிமிடம் கணக்கு நின்றது.' இப்படி இருபது வரி சேர்ந்தால் கடைசிப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். அங்கே சிரிப்பும் உங்கள் திட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அவன் கவனத்துக்காகச் செய்கிறான். கணக்கு நின்றுபோனது திரும்பத் திரும்ப வந்தால், கணக்கிலிருந்து தப்பிக்கச் செய்கிறான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தப்பிக்க நினைப்பவனை வெளியே நிற்க வைப்பது அவன் கேட்டதைக் கையில் கொடுப்பது. வராந்தாவில் காற்று வரும், கணக்குப் போட வேண்டாம், போகிற வருகிற ஆளைப் பார்க்கலாம். நாளைக்கு இன்னும் சீக்கிரம் வெளியே போக வழி தேடுவான்.

தப்பிக்கும் வகை என்று தோன்றினால் இன்னொரு சோதனை உண்டு. யாரும் இல்லாத நேரத்தில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு இலக்க வகுத்தல் ஒன்று கொடுங்கள். எட்டாம் வகுப்பு வரை வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு, அதை மறைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி சேட்டை. 'மக்கு' என்று பெயர் வாங்குவதைவிட 'ரவுடி' என்று பெயர் வாங்குவது பதின்மூன்று வயதில் எவ்வளவோ கௌரவம். இவனுக்கு எந்தப் பரிசும் எந்தத் தண்டனையும் வேலை செய்யாது. கணக்கை அவன் எட்டும் உயரத்துக்கு இறக்க வேண்டும்: முடிகிற கணக்கு மூன்று, பிறகு சற்றுக் கடினமானது ஒன்று என்ற வரிசையில் தரலாம். கூடவே, புரியவில்லை என்று சொல்ல மானம் போகாத வழி ஒன்று வேண்டும். நோட்டின் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் 'சார் இங்க வாங்க' என்று அர்த்தம் என்று இருவருக்குள் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது முழு வகுப்புக்கு வருவோம். போர்டு ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதி, மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி போடும் வழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. அது ஏன் பலிப்பதில்லை? எழுதுகிற லீடர் தன் கூட்டாளி பெயரை விட்டுவிடுவான், சண்டை போட்டவன் பெயரை முதலில் எழுதுவான். பெயர் ஏறிய பையனுக்கு இழக்க வேறொன்றும் இல்லை, ஏழு பெருக்கல் குறி அவனுக்குப் பதக்கம். பெயர் ஏறாத முப்பத்தாறு பேருக்கோ அமைதியாக இருந்ததற்கு எதுவும் கிடைப்பதில்லை. இதே கோடு போடும் வேலையைத் தலைகீழாக்கிய ஒரு விளையாட்டு 1969இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் முதலில் சோதிக்கப்பட்டது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யாராவது விதியை மீறினால் அவன் அணிக்குப் போர்டில் ஒரு கோடு. குறைந்த கோடு பெற்ற அணி வெற்றி. இரண்டு அணியும் ஐந்து கோட்டுக்கு மேல் போகாவிட்டால் இரண்டுமே வெற்றி. பரிசு என்று காசு எதுவும் செலவாகவில்லை: சாப்பாட்டுக்கு முதலில் வரிசையில் நிற்பது, நாள் முடிவில் கொஞ்சம் ஓய்வு நேரம், இப்படித்தான். 'நன்னடத்தை விளையாட்டு' என்று அதற்குப் பெயர்.

உங்கள் வகுப்பில் இதை இப்படிச் செய்யலாம். 42 பேரை ஏழு ஏழாக ஆறு அணி ஆக்குங்கள். அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு அணியில். இப்போது உட்காரும் பெஞ்சை ஒட்டியே அணி பிரிந்தால் நல்லது, ஆனால் கடைசி பெஞ்ச் முழுக்க ஓர் அணியாகிவிடக் கூடாது. விதி நான்குக்கு மேல் வேண்டாம், எல்லாம் 'செய்' என்ற வடிவில் இருக்கட்டும்: பேச வேண்டுமென்றால் கையைத் தூக்கு; அனுமதியோடு எழு; அடுத்தவர் மேலும் அவர் பொருள் மேலும் கை வைக்காதிரு; கொடுத்த வேலையைச் செய். (மூன்றாவது 'செய்' வடிவத்தில் இல்லைதான். 'கை கால் உன் இடத்தில் இருக்கட்டும்' என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், எழுதிப் பாருங்கள், சிரிப்பதும் நல்லதுதான்.) முதல் நாள் விளையாட வேண்டாம், ஒவ்வொரு விதிக்கும் சரியாகச் செய்வது எப்படி, தப்பாகச் செய்வது எப்படி என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பாகச் செய்யும் வேடத்தை அந்த ஆறு பேருக்குக் கொடுக்காதீர்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். இரண்டாம் நாளிலிருந்து, பயிற்சிக் கணக்குப் போடும் நேரத்தில் மட்டும் பத்து நிமிடம், வாரம் மூன்று தடவை. நான்கு கோடு வரை எந்த அணிக்கும் வெற்றி; ஆறு அணியும் ஜெயிக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரே ஓர் அணிதான் ஜெயிக்கும் என்றால் பாதி வகுப்பு இரண்டாம் நாளே விட்டுவிடும். பரிசு அந்தப் பீரியட் முடிவதற்குள் கிடைக்க வேண்டும்: கடைசி மூன்று நிமிடம் அந்தாதிப் பாட்டு, மணி அடித்ததும் முதலில் வெளியேறும் உரிமை, விடுகதை. மாதக் கடைசியில் சுற்றுலா என்றால் எந்தப் பையனுக்கும் எட்டாது. இரண்டு மூன்று வாரம் சரியாகப் போனால் பத்து நிமிடத்தைப் பதினைந்து, இருபது என்று நீட்டுங்கள், பரிசைப் பீரியட் முடிவிலிருந்து நாள் முடிவுக்குத் தள்ளுங்கள்.

எல்லாமே கோடு போடும் விதத்தில்தான் இருக்கிறது. குரலை உயர்த்தாமல், கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல்: 'மூன்றாவது அணி, அனுமதி இல்லாமல் எழுந்தது, ஒரு கோடு. மற்ற ஐந்து அணியும் வேலையில் இருக்கிறது.' பெயர் சொல்லக் கூடாது. திட்டிக்கொண்டே கோடு போட்டால் அது மறுபடியும் கவனம், விளையாட்டு செத்துவிடும். போட்ட கோட்டை எதற்காகவும் அழிக்கக் கூடாது. ஒரு தடவை கெஞ்சலுக்கு அழித்தால் மறுநாளிலிருந்து பீரியட் முழுக்க வழக்கு மன்றம்தான். அடுத்த ஆபத்து, ஒருவனால் அணி தோற்றால் மற்றவர்கள் இடைவேளையில் அவனை நொறுக்குவது. இது உண்மையாகவே நடக்கும், அதனால் முதல் வாரம் இடைவேளையில் உங்கள் கண் அங்கே இருக்கட்டும், 'தோற்றதற்கு யாரையாவது திட்டினாலும் கோடு உண்டு' என்பதையும் சேர்த்துவிடுங்கள். வேண்டுமென்றே கோடு வாங்கி அணியைத் தோற்கடிப்பவன் ஒருவன் கட்டாயம் கிளம்புவான். 1969இல் இதை முதலில் சோதித்த அந்த நான்காம் வகுப்பிலேயே கிளம்பினார்கள். அங்கே செய்த வழி இன்றும் நல்ல வழி. அவனைக் கோபமில்லாமல் தனி அணி ஆக்குங்கள். அவன் கோடு அவனோடு, மற்ற ஆறு பேர் தப்பித்தார்கள். பார்வையாளர் இல்லாத நாடகம் வழக்கமாக ஓரிரு வாரத்தில் அலுத்துவிடும், திரும்பி வர நினைத்தால் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்ல வேண்டும். விளையாட்டு நடக்கும் நேரத்தில் வகுப்பில் கூச்சல் குறையும் என்பது பல நாடுகளில், பல வகுப்புகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அதில் சந்தேகம் இல்லை. 1980களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஷெப்பர்ட் கெல்லம் என்ற ஆய்வாளரின் குழு முதல் வகுப்புப் பிள்ளைகளோடு தொடங்கி, அவர்களுக்கு 19–21 வயதானபோது மறுபடி பார்த்தது. தொடக்கத்தில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடையே போதைப்பழக்கமும் சமூகவிரோதப் போக்கும் குறைவாக இருந்தன. இது பெரிய செய்தி. ஆனால் அதை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் இதே பலன் என்று சொல்லிவிட முடியாது: இங்கிலாந்தில் 77 தொடக்கப்பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில் சராசரிப் பிள்ளையின் வாசிப்பிலோ நடத்தையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, பல ஆசிரியர்கள் சொன்ன அளவுக்கு அடிக்கடி விளையாட்டை நடத்தவும் இல்லை. இன்னொன்று, பெரும்பாலான ஆதாரம் சின்ன வகுப்புகளிலிருந்து வருவது. எட்டாம் வகுப்புக்கு இருக்கும் ஆதாரம் குறைவு. அதனால் அணிப் பெயரையும் பரிசையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், இல்லாவிட்டால் 'எல்.கே.ஜி. விளையாட்டு' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

விளையாட்டு இல்லாத மீதி நேரத்துக்கு ஒரு பழைய ஆய்வு உதவும். 1968இல் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது: டீச்சர் 'உட்காரு, உட்காரு' என்று அதிகமாகச் சொன்ன நாட்களில் எழுந்து திரிந்த பிள்ளைகள் கூடினார்கள், உட்கார்ந்திருப்பவர்களைப் பாராட்டியபோது குறைந்தார்கள். சொன்னதும் ஒரு கணம் உட்காருவதால் திட்டு பலித்ததாகத் தோன்றுகிறது, அதனால் நாமும் அதையே தொடர்கிறோம். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வரும். ஆனால் பாராட்டிலும் எட்டாம் வகுப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. வகுப்பு முன்னால் 'பாருங்க, இன்னைக்கு நம்ம தம்பி எவ்வளவு சமத்து' என்றால் அவன் செத்தான், இடைவேளையில் கேலி, அடுத்த பீரியடில் பெயரை மீட்க ஒரு சேட்டை. பெஞ்சுக்குப் பக்கத்தில் போகும்போது குனிந்து, தாழ்ந்த குரலில், செய்தது இன்னதென்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்: 'நாலு கணக்கையும் நடுவில எழுந்திருக்காம முடிச்சிட்ட.' 'வெரி குட்' என்பது எதற்கு என்று அவனுக்கே தெரியாது. ஒரு கண்டிப்புக்கு நான்கு பாராட்டு, ஐந்து பாராட்டு என்று பயிற்சி முகாம்களில் எண் சொல்வார்கள். பாராட்டு கூடுவது நல்லது என்பதைத் தாண்டி அந்த எண்ணுக்கு உறுதியான அடிப்படை இல்லை. சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று முடிவெடுத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: முதல் சில நாள் சேட்டை கூடும். இதுவரை வேலை செய்த பொத்தான் வேலை செய்யாதபோது யாரும் இன்னும் அழுத்தித்தான் பார்ப்பார்கள். நான்காம் நாள் பொறுமை இழந்து கத்தினால், 'இவ்வளவு அழுத்தினால்தான் மணி அடிக்கும்' என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். அடிப்பது, கேலி, யாருக்காவது காயம் ஆகும் எதையும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

லஞ்சம் பற்றி. லஞ்சம் என்பது தப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்தக் கொடுப்பது: 'கத்துவதை நிறுத்து, சாக்லேட் தர்றேன்.' அது கத்துவதைத்தான் வளர்க்கும். முன்கூட்டிச் சொன்ன விதிப்படி, செய்து முடித்த பிறகு கிடைப்பது கூலி. இருந்தாலும் உங்கள் பயம் வெறும் பயமில்லை. 1973இல் மழலையர் பள்ளியில் நடந்த சோதனையில், ஆசையாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு 'வரைந்தால் பரிசு' என்று முன்னாலேயே சொல்லிக் கொடுத்தபோது, பரிசு நின்ற பிறகு வரையும் ஆர்வம் குறைந்தது; சொல்லாமல் கொடுத்தபோது குறையவில்லை. ஆகவே ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குப் பரிசு அறிவிக்காதீர்கள். விருப்பமே இல்லாத வேலைக்கு, தொடங்கி வைக்கும் அளவுக்கு, கையில் பிடிக்க முடியாத சின்னப் பரிசு போதும். பி.டி. பீரியடைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காதீர்கள். அந்த ஆறு பேரில் பாதிப் பேர் பள்ளிக்கு வருவதே அதற்காக இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்தும் ஓரிருவர் மாறாமல் இருப்பார்கள். அவர்களுக்குத் தினசரி அட்டை. அரைத்தாளில் எட்டுப் பீரியடுக்கு எட்டுக் கட்டம், பக்கத்தில் இரண்டே இரண்டு இலக்கு: 'புத்தகம் நோட்டு எடுத்து வைத்தான்', 'கை தூக்கிப் பேசினான்'. ஒவ்வொரு ஆசிரியரும் 0, 1, 2 என்று போடுவார். ஆக மொத்தம் 32. வழக்கமாக 80 சதவீதத்தை இலக்காக வைப்பார்கள், அதாவது 26. ஆனால் இப்போது 12 எடுக்கிற பையனுக்கு முதல் வாரம் 16 வையுங்கள், ஜெயித்த ருசி தெரியட்டும். காலையில் இரண்டு நிமிடம் ஒருவர் அட்டையைக் கொடுத்து நேற்றைய எண்ணைச் சொல்ல வேண்டும், மாலையில் இரண்டு நிமிடம் வாங்கிக் கூட்ட வேண்டும். அந்த ஒருவர் அவனுக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும், பி.டி. சாரோ, ஆய்வக உதவியாளரோ, அலுவலக அக்காவோ யாராக இருந்தாலும் சரி. இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மாலைச் சந்திப்பு மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும், அட்டை பையில் கசங்கும். இன்னொரு காரணம், குறைந்த எண் வந்த நாளில் அட்டை வீட்டுக்குப் போய் அங்கே அடி விழுவது. அதனால் அட்டை வீட்டுக்குப் போவதற்கு முன் வீட்டாரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே அம்மா பயந்துபோகும் வீட்டில், முதல் அழைப்பு புகாராக இல்லாமல் 'இன்னைக்கு உங்க பையன் போர்டுல வந்து கணக்குப் போட்டான், அதைச் சொல்லத்தான்' என்று இருந்தால், இரண்டாவது அழைப்பில் நீங்கள் சொல்வது காதில் விழும்.

இவை எதுவும் தொட முடியாத இடங்கள் உண்டு. நன்றாக இருந்த பிள்ளை இரண்டு மூன்று வாரத்தில் திடீரென மாறுவது, உடம்பில் காயம், வகுப்பில் தூங்கி விழுவது, புகையிலைப் பொட்டலம், கையைக் கீறிக்கொள்வது, செத்துப்போகலாம் போல் இருக்கிறது என்ற பேச்சு: இங்கே கோடும் அட்டையும் வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் சொல்லி 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ, பள்ளிக்கல்வித் துறையின் 14417ஐயோ அழையுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி உங்கள் கடமை, விசாரித்து முடிவெடுப்பது உங்கள் வேலை இல்லை. எல்லாவற்றையும் ஆசிரியரே சுமக்க முடியும் என்று எண்ணவும் வேண்டாம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையில், பள்ளிச் சூழலை மாற்றும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்திய பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் கேலி, வன்முறை, மனச்சோர்வு எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பலன் தெரியவில்லை. பாடம், தேர்வு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவு எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் வாரம் மூன்று நாள், பத்து நிமிடம் என்று எழுதினேன்.

பொதுவாக நான்காவது வாரத்தில், 'இப்போதான் நல்லா இருக்காங்களே' என்று விளையாட்டை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள், காலாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் விதிகளை மறுபடி நடித்துக் காட்டிவிட்டுத் தொடருங்கள். போர்டில் விழும் கோடுகளின் மொத்தத்தை ஒவ்வொரு தடவையும் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்தும் அந்த எண் இறங்கவில்லை என்றால் பையன்களைத் திட்டுவதற்கு முன் பரிசை மாற்றிப் பாருங்கள்; அதற்கும் அசையவில்லை என்றால் அந்த எண்களோடும் முதல் வாரத்து மூன்று பத்திக் குறிப்போடும் இங்கே திரும்ப வந்து கேளுங்கள்.